92 மைதானங்கள்... ஒரு சீசனில் மட்டும் 91! - ஊர் ஊராகப் போகும் ரசிகர்களும் பூட்டிய ஒரு கேட்டும்

108 திவ்ய தேசங்களையும் சேவித்துவிட வேண்டும் என்று ஒரு பழைய டைரியில் பட்டியல் எழுதி வைத்திருக்கும் தாத்தாவோ பாட்டியோ பல குடும்பங்களில் உண்டு. போய்வந்த கோயிலுக்கு நேராக ஒரு டிக். மீதி இருப்பதை எண்ணி ஒரு பெருமூச்சு. அந்த 108-ல் இரண்டு இந்தப் பூமியிலேயே இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். திருப்பாற்கடலுக்கும் பரமபதத்துக்கும் ரயில் கிடையாது. ஆக, உடம்போடு போய்வரக்கூடியவை 106.

இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்களிடமும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 92 இடங்கள். எல்லாமே மைதானங்கள். டைரி, டிக், பெருமூச்சு எல்லாம் அப்படியே உண்டு. 2019-ம் ஆண்டு அந்தப் பட்டியலில் ஒன்று குறைந்தது. அது ஏன் குறைந்தது, அதற்குப் பிறகு ஓர் ஊர் என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள, முதலில் இந்த ரசிகர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீமைத் தேடி அல்ல, இடத்தைத் தேடி!

சாதாரண ரசிகர் தன் டீம் விளையாடும் மேட்சுக்குப் போவார். இவர்கள் அப்படி இல்லை. இதுவரை போகாத மைதானம் எதுவோ, அங்கே போவார்கள். விளையாடுவது யாராக இருந்தாலும் பரவாயில்லை. 'கிரவுண்ட்ஹாப்பர்' என்பது இவர்களுக்குப் பெயர். ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்கள் என்று அர்த்தம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இவர்கள் அதிகம்.

92 என்ற கணக்கு எளிது. இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் 20 டீம்கள். அதற்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்களில் தலா 24 என்று 72 டீம்கள். மொத்தம் 92. இத்தனை டீம்களின் சொந்த மைதானங்களிலும் ஒரு மேட்சாவது பார்த்துவிட்டவர்களுக்கு '92 கிளப்' என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. 1978-ல் தொடங்கியது.

கேட்பதற்குச் சுலபம். தென்மேற்கு மூலையில் கடற்கரை ஊரான பிளைமவுத்திலிருந்து வடகிழக்கில் நியூகாசிலுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போவது மாதிரி. அங்கே போய் 90 நிமிடம் ஆட்டம் பார்த்துவிட்டு, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடி வர வேண்டும். மழையில் மேட்ச் ரத்தானால் போன பணமும் போச்சு, நாளும் போச்சு.

அப்படியே 92-ஐயும் முடித்துவிட்டாலும் நிம்மதி கிடையாது. ஒவ்வொரு வருடமும் நான்காவது டிவிஷனிலிருந்து இரண்டு டீம்கள் கீழே இறங்கும். கீழேயிருந்து இரண்டு டீம்கள் மேலே ஏறும். பட்டியல் மாறிவிடும். போதாக்குறைக்கு, ஏதாவது ஒரு கிளப் பழைய மைதானத்தை விட்டுப் புது ஸ்டேடியத்துக்குக் குடிபோய்விடும். டைரியில் டிக் அடித்த இடத்தில் மறுபடியும் ஒரு காலிக் கட்டம்.

இவர்களுக்குள் ஆளுக்கொரு சட்டமும் உண்டு. முழு ஆட்டமும் பார்த்தால்தான் கணக்கு என்பார் ஒருவர். ஒரு கோலாவது விழ வேண்டும் என்பார் இன்னொருவர். வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கைதான். இந்த மாதிரி ஆட்களை அந்த ஊரில் 'அனோரக்' என்று கிண்டல் செய்வார்கள். மழைக்கோட்டின் பெயர் அது. ரயில் எண்களைக் குறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் மழைக்கோட்டோடு நிற்கும் ஆட்களை வைத்து வந்த கேலி.

வீட்டுக்கு நடுவே ஒரு கேட்

அப்படி என்னதான் இருக்கிறது ஒரு மைதானத்தில்? எல்லாம் ஒரே புல், ஒரே கோல் போஸ்ட்தானே?

லூட்டன் நகரத்துக்குப் போய்ப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. அங்கே உள்ள கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் 1905 முதல் லூட்டன் டவுன் அணி விளையாடுகிறது. வெளியூர் ரசிகர்களுக்கான நுழைவாயில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. இந்தப் பக்கம் ஒருவர் வீட்டு வாசல், அந்தப் பக்கம் இன்னொருவர் வீட்டு வாசல், நடுவில் ஸ்டேடியம் கேட். உள்ளே நுழைந்து படியேறினால், பக்கத்து வீடுகளின் கொல்லைப்புறம் தெரியும். கொடியில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டே கேலரிக்குப் போகலாம். 2023-24 சீசனில் இதே மைதானத்தில் உலகத்தின் பணக்கார டீம்கள் வந்து பிரீமியர் லீக் ஆடிவிட்டுப் போயின.

லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க்கில், ஸ்டேடியத்தின் ஒரு மூலையில் சர்ச் இருக்கிறது. இரண்டு கேலரிகளுக்கு இடையே செருகி வைத்தது போல. மேற்கு லண்டனின் கிரிஃபின் பார்க்கில் நான்கு மூலைகளிலும் நான்கு மதுக்கடைகள் இருந்தன. மேட்சுக்கு வருகிறவர்கள் எந்த மூலையில் சந்திப்பது என்பதே தனிச் சம்பிரதாயம். 2020-ல் பிரென்ட்ஃபோர்ட் கிளப் அங்கிருந்து புது ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டில் 74,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதே 92-ல் இருக்கும் அக்ரிங்டன் ஸ்டான்லியின் மைதானத்தில் 5,000 பேர் வந்தாலே கிட்டத்தட்ட ஹவுஸ்ஃபுல். டைரியில் இரண்டுக்கும் ஒரே ஒரு டிக்தான்.

92 முடிந்தவர்கள் அதற்கும் கீழே இறங்குகிறார்கள். ஷெஃபீல்டு நகரில் சாண்டிகேட் என்று ஒரு சின்ன மைதானம். 1804-ல் கிரிக்கெட்டுக்காகத் திறந்தது. 1860-ம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஹாலம் அணிக்கும் ஷெஃபீல்டு அணிக்கும் இங்கே கால்பந்து ஆட்டம் நடந்தது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் சான்று பெற்ற இடம் இதுதான். தரை சமமாக இருக்காது, நன்றாகவே சரிந்திருக்கும். ஹாலம் அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கும் இந்தப் பித்து உண்டு. லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு பக்க பவுண்டரிக்கும் எதிர்ப்பக்க பவுண்டரிக்கும் சுமார் 2.5 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது. டிவியில் அது தெரியாது, நேரில் போய் நின்றால்தான் தெரியும். கேன்டர்பரி மைதானத்தில் பவுண்டரிக்கு உள்ளேயே ஒரு பெரிய லைம் மரம் நின்றது. பந்து மரத்தில் பட்டால் நான்கு ரன். 2005 ஜனவரியில் காற்றில் அது முறிந்து விழுந்தபோது, பக்கத்திலேயே இன்னொரு கன்றை நட்டார்கள். செல்டன்ஹாம் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு 1872-லேயே கவுன்டி கிரிக்கெட் வந்துவிட்டது. வருடத்தில் சில நாள்கள் மட்டும் அங்கே கூடாரம் போட்டு ஆட்டம் நடக்கும். அந்த சில நாள்களுக்காகவே லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழசு எல்லாம் பொன் அல்ல

பழைய மைதானம் என்றாலே கண்கலங்குகிறவர்கள் மறக்கக் கூடாத இரண்டு தேதிகள் இருக்கின்றன.

1985 மே 11. பிராட்ஃபோர்டு நகர மைதானத்தின் பழைய மரக் கேலரியில் தீ பிடித்தது. சில நிமிடங்களில் மொத்தமும் எரிந்தது. 56 பேர் இறந்தார்கள்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், நின்று பார்க்கும் கேலரியில் கூட்டம் நெரிந்து 97 பேர் இறந்தார்கள்.

ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு நடந்த விசாரணையின் அறிக்கை 1990-ல் வந்தது. மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றானது. ரசிகர்களை நிற்கவைத்து அடைத்த காலம் முடிந்தது. அது நல்லதுக்குத்தான். ஆனால், வீடுகளுக்கு நடுவே நெருக்கிக் கட்டிய பழைய மைதானங்களில் இருக்கை போட்டால் கொள்ளளவு பாதியாகிவிடும். விரிவாக்க இடமும் கிடையாது. பல கிளப்புகள் ஊருக்கு வெளியே புது ஸ்டேடியம் கட்டிக் கிளம்பின. பழைய இடங்கள் வீட்டுமனைகள் ஆயின.

அர்செனல் 1913 முதல் ஆடிய ஹைபரி மைதானத்தில் 2006 மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்தது. இன்று அது அடுக்குமாடிக் குடியிருப்பு. கேலரியின் முகப்பு அப்படியே நிற்கிறது, உள்ளே வீடுகள். கோல் போட்ட புல்தரை, குடியிருப்பவர்களின் தோட்டம். 1892 முதல் ஆண்கள் அணி ஆடிய குடிசன் பார்க்கையும் இடிக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள். 2025 மே 18-ம் தேதி ஆண்கள் அணி கடைசியாக ஆடிவிட்டுப் போனது. ஆனால் இடிக்கும் திட்டம் மாறி, எவர்ட்டனின் பெண்கள் அணிக்கு அது சொந்த மைதானம் ஆனது. மூலையில் அந்த சர்ச்சுக்கு இன்னும் துணை இருக்கிறது.

இவையெல்லாம் பெரிய கிளப்புகளின் கதை. ஒரு மைதானம் போனால் இன்னொன்று கட்ட அவர்களிடம் பணம் இருக்கிறது. சின்ன ஊருக்கு?

பட்டியல் 91 ஆன இரவு

மான்செஸ்டரிலிருந்து டிராம் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் 'பெரி' என்ற ஊர் வரும். மில்கள் இருந்த ஊர். அங்கே சந்தையில் கிடைக்கும் பிளாக் புட்டிங் பிரபலம். நம் ஊர் ரத்தப் பொரியலுக்கு அது தூரத்துச் சொந்தம். 1885-ல் அந்த ஊரில் ஒரு கால்பந்து கிளப் தொடங்கினார்கள். அதே வருடம் 'கிக் லேன்' மைதானமும் வந்தது. 1894-ல் டீம் தேசிய லீக்கில் சேர்ந்தது.

பெரி டீம் உலகப் புகழ் எதுவும் பெற்றதில்லை. ஆனால் ஒரு பெருமை இருந்தது. இங்கிலாந்தின் பழம்பெரும் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையை 1900-லும் 1903-லும் வென்றது. 1903 இறுதி ஆட்டத்தில் டெர்பி அணியை 6-0 என்று தோற்கடித்தது. இறுதி ஆட்டத்தில் அவ்வளவு பெரிய வெற்றியை அதற்குப் பிறகு நூறு வருடம் கடந்தும் எவரும் பெறவில்லை.

2019 மே 18. மான்செஸ்டர் சிட்டி அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வாட்ஃபோர்டை 6-0 என்று வென்று, பெரியின் சாதனையைச் சமன் செய்தது. டிவியில் மறுபடியும் பெரியின் பெயர். அந்த சீசனில்தான் பெரி டீம் நான்காவது டிவிஷனிலிருந்து மூன்றாவதுக்கு முன்னேறியும் இருந்தது.

கிளப்புக்குள் நிலைமை வேறு. கடன் ஏறியிருந்தது, சம்பளம் நின்றிருந்தது. பணத்துக்கு வழி காட்டுங்கள் என்று லீக் நிர்வாகம் கேட்டது. புது சீசன் தொடங்கிய பிறகும் வழி தெரியவில்லை. பெரியின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின.

ஆகஸ்ட் கடைசி வாரம். கிளப்பை வாங்க ஆள் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மைதானத்தைத் தயாராக வைக்க வேண்டுமே என்று நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேனுக்கு வந்தார்கள். நாற்காலிகளைத் துடைத்தார்கள், படிகளைப் பெருக்கினார்கள். கிளப்பின் முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி, அதே நாள்களில் மைதானத்துச் சுவரின் மழைநீர்க் குழாயோடு தன் கையை விலங்கிட்டுப் பூட்டிக்கொண்டார். அவருடைய அப்பா பல ஆண்டுகள் அந்த கிளப்பில் உழைத்தவர். அங்கே ஒரு கேலரிக்கே அப்பாவின் பெயர்தான்.

ஆகஸ்ட் 27 இரவு செய்தி வந்தது. பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. பெரி கிளப் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. 125 வருட உறவு முடிந்தது. அந்த சீசனில் மூன்றாவது டிவிஷன் 23 டீம்களோடு நடந்தது. 92 என்ற பட்டியல் 91 ஆனது.

அன்று வரை கிக் லேனைத் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று டைரியில் தள்ளி வைத்திருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு கேட் திறக்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய வெறுமை. சனிக்கிழமை மதியம் எங்கே போவது? அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன இடம், பிள்ளை வளர்ந்து அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போன இடம், பூட்டிக் கிடந்தது.

திரும்பத் திறந்த கேட்

ரசிகர்களில் ஒரு பகுதியினர் புதிதாக ஒரு டீம் தொடங்கினார்கள். 2020-ல் அது பத்தாவது படியில் ஆட ஆரம்பித்தது. சொந்த மைதானம் இல்லை, பக்கத்து ஊரான ராட்கிளிஃபில் இடம் வாங்கி ஆடியது. இன்னொரு பகுதியினர் 'பழைய கிளப்பின் பெயரும் கிக் லேனும் இல்லாமல் அது எப்படி நம் டீம் ஆகும்?' என்று ஒதுங்கி நின்றார்கள். ஒரே ஊர், ஒரே பாசம், இரண்டு கட்சி.

2022 தொடக்கத்தில் ரசிகர்கள் சேர்ந்த அமைப்பு ஒன்று கிக் லேனையே வாங்கிவிட்டது. ஊர்ச் சொத்துகளைக் காப்பாற்ற அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டு கிடைத்தது. ரசிகர்களும் பணம் போட்டார்கள். மைதானத்தோடு பழைய பெயரும் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. முதல் முறை நடந்த வாக்கெடுப்பில் தேவையான ஓட்டு கிடைக்கவில்லை. 2023-ல் மறுபடி வாக்கெடுப்பு நடத்தி ஒன்றானார்கள்.

அந்த வருடமே கிக் லேனில் மீண்டும் மேட்ச் தொடங்கியது. மூன்றாவது டிவிஷனில் ஆட வேண்டிய பெரி டீம் ஆடியது ஒன்பதாவது படியில். அந்த மட்டத்தில் ஒரு மேட்சுக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிய விஷயம். கிக் லேனுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

வந்து நிற்கிறவர்களால்தான்...

கிரவுண்ட்ஹாப்பர்களால்தான் பெரி பிழைத்தது என்று சொல்ல முடியாது. பிழைக்க வைத்தது ஊர்தான். ஆனால், இந்த 'அனோரக்' மனிதர்கள் பல வருடங்களாகச் செய்துவருவதும் பெரி ஊர் தன் கஷ்டகாலத்தில் கற்றுக்கொண்டதும் ஒன்றுதான். பெரிய ஸ்டேடியத்துக்கு டிவிப் பணம் இருக்கிறது. சின்ன மைதானத்துக்கு, கேட்டில் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிற ஆள்தான் வருமானம்.

ஒரு ஹாப்பர் என்ன செய்கிறார்? டிக்கெட் எடுக்கிறார். ஞாபகத்துக்காக அன்றைய மேட்ச் புத்தகம் ஒன்று வாங்குகிறார். இடைவேளையில் ஒரு டீ, சூடாக ஒரு பை. ஊர்க்காரர் ஒருவரிடம் 'அந்தக் கேலரி எப்போது கட்டினது?' என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் மறுநாள் அந்தக் கேலரியை வேறு கண்ணோடு பார்க்கிறார். இதைப் புரிந்துகொண்ட சில சின்ன லீக்குகள், ஹாப்பர்களுக்காகவே நேரம் மாற்றி மேட்ச் வைக்கின்றன. காலையில் ஓர் ஊர், மதியம் அடுத்த ஊர், சாயங்காலம் இன்னோர் ஊர் என்று ஒரே நாளில் மூன்று நான்கு மைதானங்கள். வழக்கமாக ஐம்பது, நூறு பேர் பார்க்கும் மேட்சுக்கு அன்று பல மடங்குக் கூட்டம் வரும்.

இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து நேரடி ஒளிபரப்பு கிடையாது. 1960-களிலிருந்து இந்தப் பழக்கம். பெரிய டீமை டிவியில் காட்டினால், மழையில் நடந்துபோய் சொந்த ஊர் டீமைப் பார்க்க யார் வருவார்கள் என்ற பயம்தான் காரணம். அதனால் 3 மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் மேட்சை இங்கே சேலத்திலோ சிவகாசியிலோ சோபாவில் சாய்ந்தபடி பார்க்கலாம். லண்டன்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

குளிர்காலத்தில் அந்த 3 மணி என்பது நமக்கு இரவு 8.30. வருகிற சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு நம் வீட்டு டிவியில் பளபளப்பான ஏதோ ஒரு ஸ்டேடியம் ஓடிக்கொண்டிருக்கும். கிக் லேனில் மேட்ச் இருக்கும் சனிக்கிழமை என்றால், அதே நிமிடத்தில் பெரியில் ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருப்பார். பக்கத்தில், முதுகில் பையோடு வெளியூர்க்காரர் ஒருவர் நின்று டைரியில் ஏதோ குறித்துக்கொண்டிருப்பார். 92-ன் கணக்கில் அந்த டிக் இப்போது சேராது. அதற்காக அவர் வராமல் இருக்கப்போவதில்லை.